எக்மோவில் ஹெப்பாரினை நிறுத்தி வைத்திருக்கும்போது எதைக் கவனிப்பது?

கேள்வி: பொது ஐசியுவில் நான்கு வருடம் வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் நான். இரண்டு மாதங்களுக்கு முன் இதய அறுவை சிகிச்சை ஐசியுவுக்கு மாற்றிவிட்டார்கள். 56 வயது நோயாளி ஒருவருக்கு பைபாஸ் செய்து, மைட்ரல் வால்வும் மாற்றினார்கள். ஹார்ட்-லங் மெஷினிலிருந்து விடுவிக்க முடியாததால் தியேட்டரிலேயே தொடை வழியாக எக்மோ (இதயத்தின், நுரையீரலின் வேலையை உடம்புக்கு வெளியே செய்யும் மெஷின்) போட்டு அனுப்பினார்கள். மார்புக்குள் கசியும் ரத்தத்தை வடிக்கும் டிரெயின் குழாயில் ரத்தம் நிறைய வந்ததால் முதல் நாள் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஆக்சிஜனேட்டரில் (ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் பகுதி) கிளாட் (உறைந்த ரத்தக் கட்டி) என்று, ரத்தம் ஓடும் மெஷின் பாதையான சர்க்யூட்டையே மாற்றினார்கள். “ரத்தமும் ஏற்றுகிறீர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்தும் போடுகிறீர்கள், இது என்ன வைத்தியம்?” என்று அவருடைய மனைவி கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எக்மோ நோயாளியின் படுக்கையருகே நான் எதையெதைப் பார்க்க வேண்டும்? எந்தக் கிளாட்டுக்குப் பயப்பட வேண்டும்?
– ஸ்டாஃப் நர்ஸ், மதுரை

பதில்: அந்த அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்கலாம், சிஸ்டர். ரத்தக் கசிவும் ரத்த உறைவும் எதிரெதிர் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். எக்மோவில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே காரணத்தால் நடக்கின்றன. ரத்தநாளத்தின் உட்சுவரைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் ரத்தம் உறையத்தான் பார்க்கும். டியூபிங், பம்ப் ஹெட், ஆக்சிஜனேட்டருக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் எல்லாம் ரத்தத்துக்கு அந்நியப் பரப்புகள். பட்ட சில நொடிகளில் உறைவுப் புரதமான ஃபைப்ரினோஜன் அவற்றின்மேல் படிகிறது, அதன்மேல் பிளேட்லெட்டுகள் ஒட்டுகின்றன, பன்னிரண்டாம் உறைவுக் காரணி முடுக்கப்பட்டு, உறைவை நடத்தும் த்ராம்பின் உருவாகத் தொடங்குகிறது. மெஷினுக்குள் இப்படிச் செலவாகிப்போகும் பிளேட்லெட்டும் ஃபைப்ரினோஜனும் மார்புக்குள் தையல் போட்ட இடங்களை அடைக்க வேண்டியவை. அங்கே ஆள் பற்றாக்குறை ஆவதால் கசிவு நிற்பதில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பம்பின் விசையில் வான் வில்லிபிராண்ட் காரணியின் நீளமான மூலக்கூறுகள் இழுபட்டு நறுக்கப்படுகின்றன. பிளேட்லெட்டைக் காயத்தோடு பிணைப்பவை அந்த நீள மூலக்கூறுகள்தான். எக்மோ தொடங்கி ஒரு நாளுக்குள் ஏறக்குறைய எல்லா நோயாளிகளுக்கும் இந்தக் குறை வந்துவிடும். ஆகவே பிளேட்லெட் 90,000 என்று ரிப்போர்ட் வந்தாலும் அவை அந்த எண்ணிக்கைக்கு உரிய வேலையைச் செய்வதில்லை.

உங்கள் நோயாளி இந்தச் சுமைக்குள் நுழையும் முன்பே களைத்துப்போனவர். ஹார்ட்-லங் மெஷினில் இருந்தபோது கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் போட்டு ஏசிடியை (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 480 நொடிக்கு மேல் வைத்திருந்திருப்பார்கள். முடிந்ததும் புரோட்டமின் கொடுத்து அதை முறித்திருப்பார்கள். உடம்பு குளிர்ந்திருக்கும், ரத்தம் நீர்த்திருக்கும், உறைவுக் காரணிகள் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் மறுபடி ஹெப்பாரினை ஓடவிட்டால் டிரெயின் பாட்டில் நிரம்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அறுவைக்குப் பின் எக்மோ போட்டால் பெரும்பாலான யூனிட்களில் முதல் 24 மணி நேரம், சில சமயம் 48 மணி நேரம்கூட, ஹெப்பாரின் தொடங்குவதில்லை. டிரெயின் மணிக்கு 100 மி.லி.க்குக் கீழே, சில யூனிட்களில் 50 மி.லி.க்குக் கீழே, தொடர்ந்து சில மணி நேரம் இருந்த பிறகே தொடங்குவார்கள். முதல் நாள் ஹெப்பாரின் கொடுக்காததால்தான் மூன்றாம் நாள் கிளாட் வந்தது என்று யாரையும் குறை சொல்ல முடியாது. ஹெப்பாரின் சரியான அளவில் ஓடும்போதும் ஆக்சிஜனேட்டர்கள் அடைபடுகின்றன. அது இல்லாமலே பல நாள் ஓடிய சர்க்யூட்களும் உண்டு.

அப்படியானால் ஹெப்பாரின் இல்லாத அந்த ஒரு நாளில் ரத்தத்தை உறையாமல் வைத்திருப்பது எது? முதலாவது, ஓட்டத்தின் வேகம். சர்க்யூட்டின் உட்புறம் ஹெப்பாரினோ பாஸ்ஃபோரில்கோலினோ பூசப்பட்டிருப்பது அதற்கு அடுத்த துணை. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்வரை டியூபிங்குக்குள் ரத்தம் ஓரிடத்தில் தங்க வாய்ப்பு குறைவு. 2 லிட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால், ஹெப்பாரினும் இல்லை என்றால், நேரம் நமக்கு எதிராக ஓடத் தொடங்குகிறது. எனவே சார்ட்டில் ஆர்பிஎம்மை (பம்பின் சுழற்சி வேகம்) மட்டும் எழுதாதீர்கள், பக்கத்திலேயே ஃப்ளோவையும் (நிமிடத்துக்கு ஓடும் ரத்த அளவு) எழுதுங்கள். அதே 3,400 ஆர்பிஎம்மில் காலையில் 4.2 லிட்டர் ஓடியது மதியம் 3.5 ஆகிவிட்டால் காரணம் தேடியாக வேண்டும். ஆர்பிஎம்மைக் கூட்டி எண்ணைச் சரிசெய்வது பிரச்சினையை மறைக்கும். உறிஞ்சும் பக்க அழுத்தமும் கூடும். அது மைனஸ் 100 மி.மீ.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தாண்டினால் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். உடைந்த அணுவிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபின் தானே உறைவைத் தூண்டும்.

இனி டார்ச். ஆக்சிஜனேட்டர் சோதனை ஷிப்ட் தொடக்கத்தில் ஒரு முறை, அதன்பின் உங்கள் யூனிட் வழக்கப்படி நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். வார்டு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. நல்ல வெள்ளை வெளிச்சமுள்ள சிறிய டார்ச்சைப் பரப்போடு ஒட்டிப் பிடித்து, மெதுவாக நகர்த்துங்கள். ரத்தம் எந்தப் பாதையில் போகிறதோ அதே பாதையில் போக வேண்டும்: ரத்தத்தை வெளியிழுக்கும் கேனுலா (ரத்தநாளத்துக்குள் செருகிய குழாய்), கனெக்டர், பம்ப் ஹெட், ஆக்சிஜனேட்டரின் முன்பக்கம், பின்பக்கம், திருப்பி அனுப்பும் டியூபிங், காலுக்குப் போகும் சிறிய கேனுலா. கருஞ்சிவப்பாக, வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்பது கிளாட். வெண்மையாக, நூல் போலக் கனெக்டர் விளிம்பில் ஒட்டியிருப்பது ஃபைப்ரின். டியூபிங்கும் கனெக்டரும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய படி இருக்கும். ரத்தம் அங்கே சுழன்று தயங்கும், முதல் வெள்ளை நூல் பெரும்பாலும் அங்கேதான் தோன்றும். ஆக்சிஜனேட்டரில் மூலைகளையும் அடிப்பகுதியையும் விடாதீர்கள், ஓட்டம் குறைந்த இடங்கள் அவை. பயன்படுத்தாத த்ரீ-வே, பக்கக் குழாய்கள் எல்லாம் ரத்தம் தேங்கும் குட்டைகள். தேவையில்லாதவற்றை எடுத்துவிடும்படி, மெஷினை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட்டிடம் சொல்லலாம். நீங்களாகத் திறக்க வேண்டாம். பம்புக்கு முன்னால் உள்ள போர்ட்டைத் திறந்தால் உள்ளே காற்று இழுக்கப்படும்.

எந்தக் கிளாட்டுக்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அளவைவிட இடத்தைப் பாருங்கள். ஆக்சிஜனேட்டருக்கு முன்பக்கம் உள்ள கிளாட் பிய்த்துக்கொண்டு போனாலும் அந்த நுண்குழாய்க் கட்டில் சிக்கி நிற்கும். ஆக்சிஜனேட்டரின் செயல்திறன் குறையும், ஆனால் நோயாளிக்குப் போய்ச் சேருவது அரிது. பின்பக்கம் உள்ள கிளாட்டுக்கும் நோயாளியின் தமனிக்கும் நடுவில் எந்தத் தடுப்பும் கிடையாது. சிரையில் எடுத்த ரத்தத்தைத் தமனியில் செலுத்தும் விஏ எக்மோவில் அது நேராக மகாதமனிக்குப் போகும், அங்கிருந்து குடல், சிறுநீரகம், கால், சில சமயம் மூளை. முன்பக்க மூலையில் ஒரு சென்டிமீட்டர் கிளாட் இருந்தால் குறித்து வைத்துக் கவனிக்கலாம். பின்பக்கத்தில் 3 மி.மீ. அளவில் ஆடிக்கொண்டிருக்கும் நூலைக் கண்டால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். பார்த்ததை ஆக்சிஜனேட்டர் படத்தில் இடம் குறித்து, அளவும் நேரமும் எழுதுங்கள். நீக்கக்கூடிய மார்க்கரால் வெளிப்பரப்பிலேயே வட்டமிடும் யூனிட்களும் உண்டு. அடுத்த ஷிப்டுக்கு வருபவர் “வளர்ந்திருக்கிறதா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இது மட்டுமே வழி. கிளாட்டைத் தட்டிப் பார்ப்பது, டியூபிங்கைப் பிசைவது கூடவே கூடாது.

கண்ணுக்குத் தெரியாமல் நுண்குழாய்க் கட்டுக்குள் வளரும் கிளாட்டை அழுத்த வித்தியாசம் காட்டிக்கொடுக்கும். ஆக்சிஜனேட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களைக் கழித்துப் பாருங்கள். இன்றைய ஆக்சிஜனேட்டர்களில் 4 முதல் 5 லிட்டர் ஓட்டத்தில் இது வழக்கமாக 50 மி.மீ.க்குள் இருக்கும். ஒற்றை எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஃப்ளோ மாறாமல் இருக்க, வித்தியாசம் 25, 32, 41 என்று ஏறிக்கொண்டே போனால் உள்ளே அடைப்பு வளர்கிறது. இதோடு ஆக்சிஜனேட்டருக்குப் பின்னால் எடுத்த ரத்த வாயுச் சோதனையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் அங்கே ஆக்சிஜன் அழுத்தம் 200 மி.மீ.யை எட்டவில்லை என்றால் ஆக்சிஜனேட்டர் கைவிடத் தொடங்கிவிட்டது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு மட்டும் ஏறியிருந்தால் கிளாட் என்று பதற வேண்டாம். வாயு போகும் வழியில் நீர்த்துளிகள் தேங்கியிருக்கலாம். பெர்ஃப்யூஷனிஸ்ட் ஸ்வீப் வாயுவை (ஆக்சிஜனேட்டருக்குள் ஊதும் வாயு) சில நொடி கூட்டி ஊதித் தள்ளினால் அது சரியாகிவிடும்.

பம்ப் ஹெட் கிளாட் சத்தத்தில் தெரியும். சீரான ஓசையில் உரசலோ கரகரப்போ கலந்தால், கையை வைத்தால் புதிதாக அதிர்வு இருந்தால், உடனே யூரின் பையைப் பாருங்கள். கோலா நிறத்தில் யூரின், பிளாஸ்மாவில் தனி ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல், எல்டிஹெச் (அணுக்கள் உடையும்போது வெளிவரும் நொதி) திடீர் ஏற்றம் மூன்றும் சேர்ந்தால் பம்பையோ சர்க்யூட்டையோ மாற்றியாக வேண்டும். சர்க்யூட்டுக்குள் உறைவு தீவிரமாகும்போது டி-டைமர் (கிளாட் கரையும்போது வெளிவரும் துணுக்கு) ஏறும், ஃபைப்ரினோஜனும் பிளேட்லெட்டும் இறங்கும். உங்கள் நோயாளிக்கு மூன்றாம் நாள் சர்க்யூட்டை மாற்றியதும் அநேகமாக இப்படிப்பட்ட ரிப்போர்ட்களைப் பார்த்துத்தான் இருக்கும். மாற்றிய சில மணி நேரத்தில் ஃபைப்ரினோஜன் மேலே வந்து டிரெயின் குறைவதும் உண்டு. அடைபட்ட ஆக்சிஜனேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பிளேட்லெட் ஏற்றிக்கொண்டே இருப்பது, அதே ஆக்சிஜனேட்டருக்குத் தீனி போடுவதுதான்.

மெஷினில் இருக்கும் கிளாட்டையாவது மாற்றிவிடலாம். என் கவலை அதிகமும் நோயாளிக்குள் வளரும் கிளாட்டைப் பற்றியது, அதிலும் இதயத்துக்குள் வளர்வதைப் பற்றியது. தொடை வழி விஏ எக்மோ மகாதமனியில் கீழிருந்து மேலாக ரத்தத்தைத் தள்ளுகிறது. அறுவை முடிந்து சோர்ந்து கிடக்கும் இடது கீழறை அந்த அழுத்தத்தை எதிர்த்து அயோர்டிக் வால்வைத் திறக்க முடியாமல் போகலாம். அப்போது கீழறைக்குள்ளும் மகாதமனி வேரிலும் ரத்தம் அசையாமல் நிற்கும். எக்கோவில் அது புகை சுழல்வது போலத் தெரியும். அடுத்த கட்டம் கிளாட். உங்கள் நோயாளிக்கு மைட்ரல் வால்வு மாற்றியிருக்கிறது. வால்வு வழியாகப் போகும் ரத்தம் குறைந்தால் அதன் இதழ்கள் அசைவின்றி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. உலோக வால்வானாலும் திசு வால்வானாலும் இது பொருந்தும்.

இதை முதலில் பார்க்கக்கூடியவர் நீங்கள்தான், ஏனென்றால் மானிட்டரில் ஆர்டீரியல் லைன் அலை எப்போதும் உங்கள் கண்முன் இருக்கிறது. மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடையே 10 மி.மீ.கூட இல்லாமல் அலை தட்டையானால் அயோர்டிக் வால்வு திறக்கவில்லை என்று சந்தேகப்பட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், எக்கோ பார்க்கட்டும். ஒரு பொறி இருக்கிறது. மகாதமனிக்குள் உப்பிச் சுருங்கும் பலூன் பம்பும் போட்டிருந்தால் அலை ஏறி இறங்குவது பலூனால். இதயம் துடித்துத் தள்ளுகிறது என்று அதை வைத்து நம்பிவிடக் கூடாது. டாக்டர் முன்னிலையில் பலூனைச் சில நொடி நிறுத்தி அலையைப் பார்த்தால் உண்மை தெரியும். பார்த்தவுடன் மறுபடி ஓட்டிவிட வேண்டும், அசையாத பலூன்மீதும் கிளாட் படியும். ஈடி டியூபில் (மூச்சுக்குழலுக்குள் செருகிய குழாய்) இளஞ்சிவப்பு நுரை வருவதும் இடது கீழறை உப்பிக்கொண்டிருப்பதன் அடையாளம். எக்மோ ஃப்ளோவைக் கொஞ்சம் குறைப்பது, இதயத் துடிப்பை வலுவாக்கும் மருந்து, பலூன் பம்ப் அல்லது இம்பெல்லா (கீழறைக்குள் நுழைக்கும் குட்டிப் பம்ப்), அறுவை வழியாக ஒரு வென்ட் (கீழறை ரத்தத்தை வடிக்கும் குழாய்) என்று தீர்வுகள் உண்டு. எதைத் தேர்ந்தாலும் நேரத்தில் செய்ய வேண்டும். கீழறையில் கிளாட் உருவான பிறகு இம்பெல்லாவை அதற்குள் நுழைக்க முடியாது.

அடுத்தது இதயத்தைச் சுற்றி உறையும் ரத்தம். மணிக்கு 150 மி.லி. வந்துகொண்டிருந்த டிரெயின் திடீரென்று 10 மி.லி. ஆனால் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்கு முன் டிரெயின் குழாயை டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் அடைத்திருந்தால் ரத்தம் வெளியே வராமல் இதயத்தை நெரிக்கும். சிவிபி (மையச் சிரை அழுத்தம்) ஏறும், எக்மோ ஃப்ளோ இறங்கும், வெளியிழுக்கும் டியூபிங் உதறத் தொடங்கும். டியூபிங் உதறினால் திரவம் கொடு என்பது பொது ஐசியுவிலிருந்து வரும் பழக்கம். நீர்ச்சத்துக் குறைவாக இருந்தால் சரி. இதய அறுவை நோயாளியிடம் டிரெயின் நின்றதும் டியூபிங் உதறுவதும் ஒன்றாக வந்தால் டாம்பனேட் (தேங்கிய ரத்தம் இதயத்தை நெரிப்பது) என்று எடுத்துக்கொண்டு சர்ஜனைக் கூப்பிட வேண்டும். மார்பைத் திறந்து கிளாட்டை அகற்றினால் ஃப்ளோ அந்த நிமிடமே திரும்பும்.

கால் மூன்றாவது இடம். தொடைத் தமனியில் 15 முதல் 19 பிரெஞ்ச் அளவுள்ள கேனுலா உட்கார்ந்திருப்பதால் அதற்குக் கீழே ரத்தம் போக 6 முதல் 8 பிரெஞ்ச் அளவில் இன்னொரு சிறிய கேனுலா போட்டிருப்பார்கள். அது மெலிதானது, நோயாளியைத் திருப்பும்போது எளிதில் மடங்கும், அடைபடும். மணிக்கு ஒரு முறை பாதத்தின் சூடு, நிறம், டாப்ளர் சத்தம், கெண்டைக்கால் இறுக்கம் பாருங்கள். இரண்டு காலிலும் ஒட்டும் நிர்ஸ் சென்சார் (திசுவின் ஆக்சிஜன் அளவைக் காட்டுவது) இருந்தால் இடையே 15 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தவுடன் சொல்லுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வலி என்று சொல்ல மாட்டார். கண்மணிச் சோதனையையும் இதே மணிக்கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்மணி பெரிதானால் அது மூளையில் கசிவோ அடைப்போ, இரண்டில் எதுவென்று சிடி ஸ்கேன்தான் சொல்லும். அதுவரை ஹெப்பாரினை என்ன செய்வது என்பதை டாக்டரிடம் அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஹெப்பாரின் தொடங்கிய பிறகு உள்ள கணக்கு வேறு. ஏசிடி 160 முதல் 200 நொடி, ஏபிடிடி (லேபில் பார்க்கும் உறைவு நேரம்) இயல்பைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, ஆன்டி-டென்ஏ (ஹெப்பாரினின் செயலை அளக்கும் சோதனை) மி.லி.க்கு 0.3 முதல் 0.7 யூனிட் என்பவை பரவலாகப் பின்பற்றப்படும் இலக்குகள். கசிவு அபாயம் உள்ள இதய அறுவை நோயாளிக்குக் கீழ் எல்லையையே டாக்டர்கள் தேர்வார்கள். கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 10 யூனிட்டில் தொடங்கி, பெரும்பாலும் 20-க்குள் நிற்கும். இலக்கு உங்கள் யூனிட் புரோட்டோகாலில் எழுதியிருப்பதுதான். மூன்று சோதனையும் மூன்று விதமாகப் பேசும்போதுதான் குழப்பம். ஏபிடிடி எதிர்பாராமல் 150 என்று வந்தால் ரத்தம் எங்கிருந்து எடுத்தது என்று முதலில் கேளுங்கள். ஹெப்பாரின் கலந்த ஃப்ளஷ் ஓடும் லைனில், போதுமான ரத்தத்தை எடுத்து ஒதுக்காமல் சாம்பிள் எடுத்தால் இப்படித்தான் வரும். மாறாக, மஞ்சள் காமாலையும் சிவப்பணு உடைதலும் உள்ள நோயாளியிடம் ஆன்டி-டென்ஏ உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி ஹெப்பாரினைக் கூட்டினால் மூளைக் கசிவில் போய் முடியலாம். லேபிலிருந்து வரும் ரிப்போர்ட்டில் ‘ஐக்டெரிக்’, ‘ஹீமோலைஸ்டு’ என்ற குறிப்பு இருந்தால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், எண்ணை மட்டும் படித்துவிட்டுப் போக வேண்டாம். எவ்வளவு கூட்டியும் ஏசிடி ஏறவே இல்லை என்றால் ரத்தத்தில் உள்ள ஆன்டித்ராம்பின் என்ற புரதம் குறைந்திருக்கலாம், ஹெப்பாரின் அதன் வழியாகத்தான் வேலை செய்கிறது.

ஐந்தாம் நாளிலிருந்து பிளேட்லெட் எண்ணிக்கையைக் கோடாக வரைந்து பாருங்கள். இதய அறுவைக்குப் பிறகு முதல் சில நாள் இறங்குவது எல்லோருக்கும் நடப்பது. ஒருமுறை இறங்கி, ஏறத் தொடங்கி, ஐந்து முதல் பத்து நாளுக்குள் மறுபடி பாதிக்கு மேல் சரிந்தால் ஹெப்பாரினே பிளேட்லெட்டை அழிக்கும் ஹிட் (ஹெப்பாரினால் வரும் பிளேட்லெட் குறைவு) என்ற நிலையைச் சந்தேகிக்க வேண்டும். பெயரில் பிளேட்லெட் குறைவு என்று இருந்தாலும் அங்கே நடப்பது தீவிர உறைவு. புதுச் சர்க்யூட் ஒரே நாளில் அடைபடுவது, கை கால் விரல் கறுப்பது அதன் அறிகுறிகள். டாக்டர் ஹிட் என்று முடிவெடுத்தால் இன்ஃப்யூஷனை நிறுத்துவதோடு வேலை முடிவதில்லை. ஆர்டீரியல் லைன் ஃப்ளஷ், டயாலிசிஸ் லைன் லாக், ஹெப்பாரின் பூசிய கேதீட்டர் என்று ஒளிந்திருக்கும் ஹெப்பாரின் எல்லாவற்றையும் தேடி அகற்றுவது நர்ஸின் கையில்தான் இருக்கிறது. மாற்றாக பைவாலிருடினோ ஆர்கட்ரோபனோ வரும். அட்டையின் உமிழ்நீரில் உள்ள ஹிருடினை மாதிரியாக வைத்துச் செய்தது பைவாலிருடின். 25 நிமிடத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும், இரண்டு சிரிஞ்ச் மாற்றுவதற்கு இடையில் இடைவெளி விழக் கூடாது. ரத்தத்தில் உள்ள நொதிகளே அதைச் சிதைத்துவிடுவதால் ஓடாமல் நிற்கும் ரத்தத்தில் அதன் பாதுகாப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். வால்வு திறக்காத கீழறையும் மூடி வைத்த பக்கக் குழாயும் இந்த மருந்தில் இன்னும் ஆபத்தானவை.

கசிவை நிறுத்தக் கொடுக்கும் மருந்துகளிலும் ஒரு எச்சரிக்கை. ஏழாம் காரணி ஊசி, புரோத்ராம்பின் காம்ப்ளக்ஸ், முழு அளவு புரோட்டமின் மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும் சர்க்யூட்டை அடைத்துவிடக் கூடியவை. இவற்றில் ஒன்றை டாக்டர் எழுதினால் கொடுக்கும் முன் பெர்ஃப்யூஷனிஸ்ட்டுக்குத் தகவல் சொல்லி, தயார் நிலையில் சர்க்யூட் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிளேட்லெட்டும் பிளாஸ்மாவும் நோயாளியின் சொந்த லைனில் போகட்டும், சர்க்யூட் போர்ட் வழியாக வேண்டாம்.

சர்க்யூட் மாற்றும்போது பதற்றம் வருவது இயல்பு. பெர்ஃப்யூஷனிஸ்ட் புதுச் சர்க்யூட்டைத் திரவம் நிரப்பிக் காற்று நீக்கி வைத்திருப்பார். நிறுத்தி, கிளாம்ப் போட்டு, வெட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் இணைத்து, மறுபடி ஓட்டுவதற்குப் பழகிய குழுவுக்கு ஓரிரு நிமிடம் போதும். அந்த நிமிடங்களில் நோயாளியின் சொந்த இதயமும் நுரையீரலும் தாக்குப்பிடிக்க வேண்டும். வென்டிலேட்டரில் ஆக்சிஜனை நூறு சதவீதமாக்குவது, அட்ரினலின் சிரிஞ்சைத் தயாராகக் கையில் வைத்திருப்பது, குறுக்குப் பொருத்தம் பார்த்த ரத்தம் படுக்கையருகே வந்துவிட்டதா என்று பார்ப்பது, நேரத்தை உரக்கச் சொல்வது உங்கள் வேலை. எந்த நேரமும் படுக்கையருகே நான்கு டியூபிங் கிளாம்ப்களும் பம்பைக் கையால் சுற்றும் கைப்பிடியும் இருக்க வேண்டும். எதிர்பாராமல் பம்ப் நின்றுபோனால் முதலில் கிளாம்ப் போட வேண்டியது நோயாளிக்குத் திருப்பி அனுப்பும் டியூபிங்கில். இந்தப் பம்ப் நின்றால் ரத்தத்தைத் தடுத்து நிறுத்தாது, தமனியிலிருந்து ரத்தம் பின்னோக்கிப் பாயும்.

அந்த அம்மாவுக்கு என்ன சொல்வது? தமிழ்நாட்டில் பலருக்கு எக்மோ என்ற சொல் 2016 டிசம்பரில், முதலமைச்சர் ஜெயலலிதாவின் கடைசி நாட்களில்தான் அறிமுகமானது. அந்தச் சொல்லைக் கேட்டதும் முடிவு வந்துவிட்டது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இதய அறுவைக்குப் பின் எக்மோ போடப்பட்டவர்களில் பத்துக்கு மூன்று, நான்கு பேர் வீடு திரும்புகிறார்கள். இதைப் பொய்யாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நிலவரத்தைச் சொல்வது டாக்டரின் பொறுப்பு. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் சொல்லலாம்: “அம்மா, மெஷின்ல ரத்தம் பட்டாலே உறையப் பார்க்கும், அதைத் தடுக்கத்தான் அந்த மருந்து. மெஷினே கொஞ்சம் ரத்தச் சத்தைத் தின்னுடும், அதோட ஆபரேஷன் பண்ண இடத்துலயும் கசியுது, அதை ஈடுகட்டத்தான் ரத்தம் ஏத்துறோம். ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமாப் பார்த்துத்தான் கொடுக்கறோம்.” இவ்வளவு போதும். சர்க்யூட்டை மாற்றினோம் என்றால் நோயாளி மோசமாகிவிட்டார் என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதயம் தேறி எக்மோவை எடுக்கும் முயற்சி தொடங்கும்போது கிளாட் ஆபத்து மறுபடி ஒருமுறை உச்சத்துக்குப் போகும். ஃப்ளோவை அரை அரை லிட்டராகக் குறைத்துக்கொண்டே 1 முதல் 1.5 லிட்டர்வரை இறக்கி, எக்கோவில் இதயத்தைப் பார்ப்பார்கள். அதற்கு முன் ஏசிடி இலக்கில் இருக்கிறதா, சர்க்யூட்டில் புதுக் கிளாட் இல்லையா என்று பார்த்துச் சொல்லுங்கள். குறைந்த ஃப்ளோவில் எத்தனை நிமிடம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எக்கோ முடிந்தும் ஃப்ளோவை ஏற்ற மறந்து பேசிக்கொண்டிருந்தால் நினைவூட்டத் தயங்க வேண்டாம்.

கேனுலாவை எடுத்த பிறகும் இரண்டு வேலைகள் மிச்சமிருக்கின்றன. கேனுலாவைச் சுற்றிப் படிந்திருந்த உறை சிரைக்குள்ளேயே தங்கிவிடும். கால் வீங்காமலே டிவிடி (ஆழ்சிரையில் கிளாட்) இருக்கக்கூடும். ஆகவே 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடைச் சிரைக்கு டாப்ளர் ஸ்கேன் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். அதே பக்கத் தமனியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். பிளேட்லெட் வரைகோட்டை ஹெப்பாரின் தொடங்கிய நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை தொடருங்கள். நோயாளி வார்டுக்கு மாறினால் அந்தத் தாளும் கேஸ் ஷீட்டோடு போக வேண்டும். வால்வுக்காக வார்ஃபரின் (உறைவைத் தடுக்கும் மாத்திரை) தொடங்குவதற்கு முன் ஹிட் சந்தேகம் இருந்ததா, இருந்திருந்தால் பிளேட்லெட் 1,50,000-ஐத் தாண்டிவிட்டதா என்பதை வார்டு சிஸ்டர் அந்தத் தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.